ஒரு நாற்காலி குறைந்த சபை

குழாய்க்கடைக்காரர் வீட்டுக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் கூடுகிற சபைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பெயர்ப்பலகை வைப்பது பெருமை என்பார் அவர். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெயர்ப்பலகை அளவுக்குப் பெருமை தெரியும்.

வார நாட்களில் அவர் விற்பது வாஷ்பேசின், ஷவர், கழிவறைக் கோப்பை. கடையின் சுவர் முழுக்கப் பளபளவென்று குழாய்கள், ஒன்றிலும் தண்ணீர் வராது. சனிக்கிழமை ஓய்வு நாளில்தான் அவரே திறந்துகொள்வார். காலையில் திறந்தால் மத்தியானம்வரை மோசே தந்த கட்டளைகளாகிய தோரா, தோராவின் ஆழம், தோராவைக் கைக்கொள்ளாத மற்ற சபைகளின் பரிதாப நிலை என்று நிற்காமல் கொட்டும்.

மேசியாவை விசுவாசித்தால் போதும், தோராவெல்லாம் அந்தக் காலத்து ஆட்களுக்கு என்று கைகழுவிய ஒரு பெரிய சபையிலிருந்து நாலு வருஷத்துக்கு முன்னால் பிரிந்து வந்தவர்கள் இவர்கள். வந்தவுடன் பன்றி இறைச்சியை விட்டார்கள். ஆண்கள் கட்டளைப்படி சட்டை ஓரத்தில் நீலத் தொங்கல் கட்டிக்கொண்டார்கள். அந்த நீலத்தில் தொங்கல் திரைச்சீலைக் கடையில் மட்டும்தான் கிடைத்தது என்பதால், நாலு பேர் சேர்ந்து நடந்து வந்தால் யார் வீட்டு ஜன்னலோ காற்று வாங்கக் கிளம்பி வருவதுபோல இருக்கும். ஆனாலும் அவர்கள் விளையாட்டுக்குச் செய்யவில்லை. கர்த்தர் சொன்னதைச் சொன்னபடி செய்ய வேண்டும் என்கிற பயம் உண்மையான பயம். குழாய்க்கடைக்காரருக்கும் அது உண்டு. அதன்மேல் அவர் கொஞ்சம் அதிகமாகப் பூச்சு பூசியிருந்தார், அவ்வளவுதான்.

இந்த வாரம் பெரிய போதகர் வருகிறார். கடைசி நாட்களுக்கு விசுவாசிகள் ஆயத்தப்பட வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கிப்பவர். ஒரு சபை அவருக்குத் திருப்தியாக இருந்தால் கூட்டத்தின் முடிவில் தலைவர் தலையில் கைவைத்து, "இது ஆயத்தமான சபை" என்று அறிவிப்பார். அப்புறம் போகிற இடமெல்லாம் அந்தச் சபையைப் பற்றிச் சொல்லுவார். இதுவரை அப்படிக் கை வாங்கிய தலைகள் சொற்பம். தன் தலையும் அந்த வரிசையில் சேர வேண்டும் என்று குழாய்க்கடைக்காரர் ஏங்கினார். முடி வெட்டிக்கொண்டு வந்ததுகூட அதற்காகத்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானமே கடையைப் பூட்டிவிட்டு வந்து, சமையலறை வாசலில் நின்று வரவேற்புரையை ஒப்பித்துக்கொண்டிருந்தார். உள்ளே அவர் மனைவி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அடுப்பில் முட்டை வெந்தது. மேசையில் வெட்டத் தயாராகப் பழங்கள், கழுவிக் கவிழ்த்த கோப்பைகள்.

"ஏங்க, ஒன்னு கேக்கணும்."

"சீக்கிரம் கேளு. பாதியில விட்டா மறுபடி முதல்லருந்து சொல்லணும்."

"ஓய்வு நாள் கட்டளைல வரிசையா வருதில்ல? மகன் வேல செய்யக்கூடாது, மகள் செய்யக்கூடாது, வேலைக்காரங்க, மாடு, கழுதை, வீட்டுல வந்து தங்கியிருக்கற வெளியாளு. அதுல என்னைக் காணோமே."

"என்ன கேள்வி இது?"

"கழுதைக்குக்கூட லீவு குடுத்திருக்காரு. மனைவின்னு ஒரு வார்த்த இல்ல. விட்டுப்போச்சா, இல்ல எனக்குக் கெடையாதா? ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருந்தேன். ஆளுங்க இருக்கறப்ப கேட்டா உங்களுக்குக் கௌரவக் குறைச்சலாப் போயிடுமேன்னுதான் கேக்கல."

அவருக்குச் சிரிப்பு வந்தது. கேள்விக்குப் பதில் சொல்லுவது அவருக்குக் கைவந்த கலை. சில சமயம் பதில் முதலில் வந்துவிடும், யோசனை பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வரும்.

"இந்த வீட்டுல எனக்குன்னு சொன்னா அதுல நீயும் அடக்கம். கணவனும் மனைவியும் ஒரே உடம்பு. தனியா வேற எழுதணுமா?"

"அப்ப நானும் செய்யக்கூடாது."

"செய்யக்கூடாதுதான்." மனசு அதற்குள் வரவேற்புரைக்குத் திரும்பிவிட்டது. "தூர தேசத்திலிருந்து வருகிற நற்செய்தி... இல்ல, அது கடைசில வரும்."

"சரிங்க. இது போதும்," என்றாள்.

சூரியன் சாய்ந்தால் ஓய்வு நாள் தொடங்கிவிடும், அதற்குள் அவள் எல்லாவற்றையும் முடித்தாள். ரொட்டியை அளவாக வெட்டித் துணி போட்டு மூடினாள். முட்டையை உரித்து அடுக்கினாள். தேநீர்ப் பானையைக் கம்மியான தணலில் வைத்து மூடினாள். அது மறுநாள்வரை சூடாக இருக்கும், ஒவ்வொரு வாரமும் அப்படித்தான் வைப்பாள். பிறகு கைகளைக் கழுவித் துடைத்துக்கொண்டு கூடத்து ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். இருட்டத் தொடங்கியபோது அவர் தண்ணீர் கேட்டார்.

"ஜாடில இருக்குங்க."

களைத்திருக்கிறாள்போல என்று நினைத்து, பெருந்தன்மையோடு தானே போய்க் குடித்தார்.

மறுநாள் காலையில் எல்லோரும் வந்தார்கள். டிரைவிங் ஸ்கூல்காரர் வந்தார். ஓய்வு நாளில் வண்டி ஓட்டக்கூடாது என்பதால் நடந்து வருவார், நடக்கும்போதும் வலது கால் தன்னையறியாமல் பிரேக் போடும். பேச்சில் சிக்கனமான கணக்கர் வந்தார். பல் டாக்டரும் அவர் மனைவியும், அவர்கள் வீட்டில் தங்கியிருந்த பெரிய போதகரை நடுவில் விட்டு இரண்டு பக்கமும் காவலாக வந்தார்கள். போதகர் ஆள் நல்ல உயரம். குரல் அவரைவிட உயரம். மைக் இல்லாத இடத்திலும் மைக் இருக்கிற மாதிரியே பேசுவார்.

வரவேற்புரை அருமையாக அமைந்தது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். டிரைவிங் ஸ்கூல்காரர் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

"உக்காருங்க பிரதர்."

"நாற்காலி இல்லைங்களே."

குழாய்க்கடைக்காரருக்குப் புரியவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் அவரே எண்ணிப் போடுகிற நாற்காலிகள். இந்த வாரமும் எண்ணித்தான் போட்டார், வருகிறவருக்கும் சேர்த்து. ஒரு தடவை பார்வையை ஓட்டினார். பெண்கள் வரிசையில், ஓரத்தில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

நாலு வருஷத்தில் அவளுக்கென்று அவர் ஒரு நாற்காலி எண்ணியதில்லை. தேவைப்பட்டதில்லை. அவள் எப்போதும் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில், கையில் எதையாவது ஏந்திக்கொண்டு, நின்ற நிலையில் தலைகுனிந்து ஆமென் சொல்லுகிறவள். டிரைவிங் ஸ்கூல்காரர் பெரிய மனசு பண்ணி ஜன்னல் விளிம்பில் தொற்றிக்கொண்டார்.

பெரிய போதகர் ஆயத்தத்தைப் பற்றிப் பேசினார். விளக்கில் எண்ணெய் இருக்க வேண்டும் என்றார். வஸ்திரம் வெளுத்திருக்க வேண்டும் என்றார். கட்டளையைக் கேட்கிறவன் அல்ல, செய்கிறவனே ஆயத்தமானவன் என்றபோது மேசையில் ஒரு குத்து விட்டார். தண்ணீர் தம்ளர் துள்ளியது. வார்த்தைகள் நல்லவைதான். சத்தத்தில் பாதியைக் குறைத்திருந்தால் இன்னும் உள்ளே போயிருக்கும்.

பிறகு நிறுத்தினார். நிறுத்தி, சமையலறைப் பக்கம் பார்த்துத் தொண்டையைச் செருமினார். போதகர்கள் செருமுவதில் பல வகை உண்டு. இது தேநீர் வகை.

ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடி செருமினார். குழாய்க்கடைக்காரர் எழுந்து, எல்லோருக்கும் ஒரு புன்னகையை விநியோகித்துவிட்டு, மனைவி பக்கம் போய்க் குனிந்தார்.

"எந்திரி. டீ."

"இன்னிக்கு ஓய்வு நாளுங்க."

"அது எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் எந்திரிக்கச் சொல்றீங்களே."

"மானத்த வாங்காத. இது வேலையா? ஊத்திக் குடுக்கறதுதானே!"

"நேத்து நீங்கதாங்க சொன்னீங்க, எனக்கும் உண்டுன்னு." அவள் குரல் தாழ்ந்திருந்தது, ஆனால் பின்வாங்கவில்லை. "எல்லாம் எடுத்து வெச்சிருக்கேன். பானை சூடா இருக்கு. கோப்பை கழுவி வெச்சிருக்கேன். நான் வீம்புக்குப் பண்ணல." கொஞ்சம் நிறுத்தினாள். "கொஞ்சம் கோபமும் இருக்குதான். அதக் கீழ வைக்கணும்னு காலைலருந்து பாக்கறேன். வைக்க வரமாட்டேங்குது."

கூடத்தில் இருந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு வேறு எங்கோ பார்த்தார்கள். பெரிய போதகர் நிலைமையைப் புரிந்துகொண்டு, தலைவருடைய சங்கடத்தைத் தீர்க்கும் கருணையோடு குரலைத் திறந்தார்.

"சகோதரிகளில் வேறு யாராவது..."

பல் டாக்டரின் மனைவி பாதி எழுந்தாள்.

"அப்ப நாமளே ஊத்திக்கலாமே," என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர் ஜன்னலிலிருந்து. அவருக்கு நல்ல தாகம்.

"கூடாது," என்றார் போதகர். "எடுப்பது, சுமப்பது, பரிமாறுவது, பிறகு கழுவுவது. கர்த்தருடைய சமுகத்தில் உட்கார்ந்திருக்கிற புருஷன் ஓய்வு நாளில் இந்த வேலைகளில் கைவைக்கலாமா? ஒன்றிலே ஆரம்பிக்கும், பிரதர். பிறகு கடையைத் திறந்து வைப்பீர்கள்."

"சகோதரிங்க செஞ்சா?"

"சகோதரிகள் செய்வது வேலை அல்ல. ஊழியம்."

பாதி எழுந்த பல் டாக்டரின் மனைவி அப்படியே நின்றாள். பிறகு மெதுவாக உட்கார்ந்தாள். "ஐயா, வேலையா ஊழியமான்னு நல்லாக் கலந்து பேசி முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் உக்காந்திருக்கேன்," என்றாள். பெண்கள் வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பி இருமலாக அடங்கியது. பல் டாக்டர் வாயைத் திறந்தார், மனைவியைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

கணக்கர் அப்போதுதான் பேசினார். யாரையும் மடக்க வேண்டும் என்கிற எண்ணம் அவருக்கு இல்லை. அவருக்குக் கூட்டல் தப்பாக வந்தால் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

"ஒரு சந்தேகம்ங்க ஐயா. அதே பானை, அதே கோப்பை. நான் தூக்குனா வேலை. சரி. அந்தச் சகோதரி தூக்குனா அது வேலை இல்லன்னு எப்படி ஆகும்? கனம் கொறையுமா?"

"விசுவாசத்தில் செய்தால்..."

"நானும் விசுவாசத்துலதான் தூக்குவேன்."

போதகர் தம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

கணக்கர் தன் கைகளைப் பார்த்தபடி தொடர்ந்தார். "வேலைன்னா எல்லாருக்கும் வேலை. அப்படின்னா வாராவாரம் அந்தச் சகோதரி ஓய்வு நாளை மீறியிருக்காங்க. அவங்களா மீறல. நாம மீற வெச்சிருக்கோம். நான்கூட ரெண்டாவது கோப்பை கேட்டு வாங்கிக் குடிப்பேன்." அவர் முகம் சிவந்துவிட்டது. "வேற எதையும் மனசுல வெச்சுச் சொல்லல. கணக்கு அப்படித்தான் வருது."

தாகம் தாங்காமல் டிரைவிங் ஸ்கூல்காரர் எழுந்து சமையலறைக்குப் போனார். மூடி திறக்கிற சத்தம் கேட்டது. டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. அவர் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, சர்க்கரை எங்க இருக்கு?"

குழாய்க்கடைக்காரர் வாயைத் திறந்தார். அவர் வீடு. அவர் சமையலறை. காலையும் மாலையும் அந்தச் சர்க்கரையைப் போட்டுத்தான் குடித்துக்கொண்டிருக்கிறார். எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. தோராவில் எந்தக் கட்டளை எந்தப் பகுதியில் வருகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர், உதவி கேட்டு மனைவி பக்கம் திரும்பினார்.

அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தார்.

அவள் சுகமாக உட்கார்ந்திருக்கவில்லை. டப்பா சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் முழங்கால் எழுந்துகொள்ளப் பார்த்தது. முந்தானை நுனியை விரலில் இறுக்கிச் சுற்றி, அதைக்கொண்டு தன்னை நாற்காலியோடு கட்டிப்போட்டிருந்தாள். சர்க்கரை எங்கே என்பதற்கான பதில் உதடுவரை வந்து நின்றது தெரிந்தது. எதிர்த்து உட்கார்ந்தவள் முகம் அப்படி இருக்காது. பழக்கமில்லாத ஒரு கனத்தைத் தூக்கிக்கொண்டு, கீழே போட்டுவிடக்கூடாதே என்று நிற்கிறவள் முகம் அது.

வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றியதும் அவள் அவரிடம் ஒன்று கேட்பாள். எனக்காகவும் ஜெபம் பண்ணுங்க, நானும் கைக்கொண்டவளா எண்ணப்படணும். ஏதோ பெண்கள் சொல்லுகிற மரியாதை வார்த்தை என்று அவர் தலையாட்டியிருக்கிறார். அவளுக்கு அது பயம். அவருக்கு இருக்கிற அதே பயம். நாளைக்குக் கர்த்தர் முன்னால் நிற்கும்போது, ஓய்வு நாளைக் கைக்கொண்டாயா என்று கேட்டால், எல்லோரும் கைக்கொள்ளும்படி பார்த்துக்கொண்டேன், நான் கைக்கொள்ளவில்லை என்றுதான் அவளால் சொல்ல முடியும். நாலு வருஷமாக அவர் ஆயத்தத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார். அவர் பேசப் பேச, அவர் சொல்லியே, ஒருத்தி வாராவாரம் கட்டளைக்கு வெளியே நின்றிருக்கிறாள்.

இந்த விஷயத்துக்கு அவரிடம் எந்த உரையும் இல்லை.

"சர்க்கரை வேணாம் பிரதர்," என்றார் கடைசியில். "சும்மாவே குடிச்சுக்குங்க."

பெரிய போதகருக்கு அனுபவம் உண்டு. கூட்டம் கையை விட்டுப் போகும்போது ஜெபத்துக்குப் போய்விட வேண்டும் என்பது அந்த அனுபவம். ஜெபம் முடிந்ததும் எல்லோரும் ரொட்டியில் ஆளுக்கொரு துண்டாக எடுத்துப் பக்கத்தில் இருந்தவருக்கு நீட்ட, அது வேலையா ஊழியமா என்று யாரும் கேட்காமலே பசியாறி முடிந்தது. போதகர் கொஞ்சநேரம் வேதபாடம் நடத்தினார், இந்தத் தடவை மேசையைத் தொடாமல். வெயில் தாழ்ந்தது. பிறகு அவர் எழுந்தார்.

"குறைகள் இருக்கலாம்," என்றார். "என்றாலும் இந்தத் தலைவருடைய வைராக்கியத்தை நான் கண்டேன். ஆசீர்வாதத்துக்காக எல்லோரும் எழுந்து நில்லுங்கள். பிரதர், முன்னால் வாங்க."

வந்துவிட்டது. குழாய்க்கடைக்காரருடைய கால்கள் அவரைக் கேட்காமலே முன்னால் போயின. நாற்காலிகள் பின்னால் தள்ளப்பட்டன. எல்லோரும் நின்றார்கள். போதகர் கையை உயர்த்தினார். உயர்த்திய கை பாதியில் நின்றது.

"அந்தச் சகோதரியை எழுப்புங்க."

குழாய்க்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவர் மனைவி தூங்கியிருந்தாள். தலை சுவரில் சாய்ந்திருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. முந்தானை நுனியைச் சுற்றியிருந்த விரல்கள் அவிழ்ந்து மடியில் கிடந்தன. எப்போது அவிழ்ந்தன என்று யாரும் பார்க்கவில்லை. மெல்லிய குறட்டை ஒன்று வந்தது, அவ்வளவு பெரிய அமைதியில் எல்லோருக்கும் கேட்கும்படியாக.

அவர் அவள் பக்கத்தில் போனார். தோளைத் தட்டக் கை நீண்டது. அந்தத் தோளை எத்தனையோ தடவை தட்டியிருக்கிறார், வந்தவங்களுக்கு எதாவது குடு என்று. கை தோளுக்கு ஒரு விரல்கடை தூரத்தில் நின்றது. பின்னால் அவர் ஏங்கிய கை, உயர்ந்தபடி காத்திருந்தது.

"வேணாம் ஐயா," என்றார் ரகசியக் குரலில்.

"என்ன?"

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. அவ தூங்கறா."

"ஆசீர்வாதம் சபை முழுவதும் நின்றுதான் பெற வேண்டும். ஒருவர் உட்கார்ந்திருந்தாலும் நான் அறிவிக்க முடியாது. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்ங்க."

"அடுத்த தடவை நான் இந்தப் பக்கம் எப்போது வருவேனோ."

"பரவால்லைங்க ஐயா." விட்டுக்கொடுப்பது சுலபமாக இல்லை. முடி வெட்டிக்கொண்ட தலை ஒரு மாதிரி குளிர்ந்தது. "இந்தச் சபைல இன்னிக்கு ஒருத்திதான் கட்டளைய முழுசாக் கைக்கொண்டிருக்கா. அவளப் போய்..."

போதகருக்குக் கோபம்தான். வேறு நாளாக இருந்தால் பையை எடுத்துக்கொண்டு வண்டி ஏறியிருப்பார். சூரியன் சாயும்வரை பிரயாணம் கூடாது, அவரே தடுத்து வைத்த பிரயாணம். உயர்ந்த கையை என்ன செய்வதென்று தெரியாமல், தன் தலையையே ஒரு தடவை தடவிக்கொண்டு உட்கார்ந்தார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். நாற்காலிகள் தரையில் உரசாதபடி தூக்கி வைத்து உட்கார்ந்தார்கள்.

குழாய்க்கடைக்காரர் மனைவியின் காலடியில் தரையில் உட்கார்ந்தார். என்ன செய்வதென்று தெரியவில்லை. ஏதாவது சொல்லித்தர வேண்டும்போல வாய் ஊறியது. விழுங்கிக்கொண்டார். கைகள் எதையாவது தேடின, ஒன்றும் கிடைக்கவில்லை. காலையிலிருந்து அவள் இதைத்தான் செய்துகொண்டிருந்தாள் என்பது அவருக்கு அப்போது உறைத்தது. கண்களை மூடி, கர்த்தரே என்றார் மனசுக்குள். அடுத்த வார்த்தை வரவில்லை. வராததோடு விட்டுவிட்டார்.

நேரம் போயிற்று. அவள் அசைந்தாள். கண் முழுசாகத் திறக்கவில்லை.

"ஏங்க... பெரியவரு டீ கேட்டாரா?"

பெரிய போதகர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். சபை மொத்தமும் சாட்சியாக இருந்தது. பொய் சொல்லக்கூடாது என்பதைப் பற்றி மூன்று வாரம் தொடர்ந்து போதித்தவர் குழாய்க்கடைக்காரர்.

"யாரும் எதுவும் கேக்கல," என்றார். "நீ தூங்கு."

யாரும் அவரைத் திருத்தவில்லை. பெரிய போதகர் செரும வந்ததை அடக்கிக்கொண்டார்.